ஞாயிற்றுக்கிழமைச் சமையல்: எது சொதப்பினால் எங்கே பார்ப்பது

ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சமையல் இருவர் பொறுப்பு. காலை காபியிலிருந்து இரவு தோசை வரை நானும் வீட்டுக்காரரும் சேர்ந்தே செய்கிறோம். சென்னைப் புறநகர், போர் தண்ணீர், இரண்டு பர்னர் அடுப்பு, பழைய டேபிள்டாப் கிரைண்டர். இவற்றை வைத்துக்கொண்டு வாராவாரம் சமைத்ததில் நன்றாக வந்ததும் உண்டு, குப்பைக்குப் போனதும் உண்டு. திரும்பத் திரும்ப வந்த கோளாறுகளையும், எதை முதலில் பார்த்தால் சீக்கிரம் சரியாகிறது என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

முழுவதும் படிக்க வேண்டியதில்லை. உங்கள் அடுப்படியில் இப்போது எது மக்கர் செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். காசில்லாமல் சரியாகிற காரணம் முதலில், செலவு வைக்கிற காரணம் கடைசியில். ஒன்றே ஒன்று முக்கியம்: ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். அரிசி, உளுந்து, தண்ணீர் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த வாரம் மறுபடி அதே இடத்தில் நிற்பீர்கள்.

## காலை: காபி

### டிகாஷன் இறங்கவில்லை

கொதிக்கிற தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் ஆகியும் கீழ் அடுக்கு காலியாக இருக்கிறதா? மேல் அடுக்கை லேசாகத் தூக்கி, ஒரு சுற்றுத் திருப்பி மறுபடி வையுங்கள். இரண்டு அடுக்கும் இறுகப் பொருந்திவிட்டால் கீழே காற்று சிக்கிக்கொண்டு சொட்டு நின்றுவிடும். பல நாள் இதிலேயே விழத் தொடங்கிவிடும்.

விழவில்லை என்றால் பொடி. காம்புத் தட்டை வைத்துப் பொடியைப் பலமாக அழுத்தியிருக்கலாம், அல்லது பொடி மாவு மாதிரி நைசாக இருக்கலாம். அடுத்த முறை கடையில் அரைக்கும்போதே ஃபில்டருக்கு என்று சொல்லி வாங்குங்கள். சிக்கரி அதிகமுள்ள கலவை ஊறி உப்பிக்கொண்டு மெதுவாகத்தான் இறங்கும். அதுதான் உங்கள் ருசி என்றால் அதற்கேற்ப முன்கூட்டியே போட்டுவிட வேண்டும், வேறு வழியில்லை.

பொடியும் சரி என்றால் மேல் அடுக்கைக் கழுவி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். துளைகளில் பாதி தெரியவில்லை என்றால் அடைப்பு. நன்றாக உலர்த்தி, இடுக்கியில் பிடித்து அடுப்புத் தீயில் அடிப்பகுதியைக் காட்டினால் பழைய காபிக் கசடு கருகி உதிரும். ஆறியதும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் போதும். ஊசியால் குத்துவது கடைசி வழி. துளை பெரிதாகிவிட்டால் அப்புறம் பொடியே கீழே இறங்கும், புது ஃபில்டர்தான் வாங்க வேண்டியிருக்கும்.

## காலை: இட்லி

நாள் நன்றாக ஆரம்பிப்பதும் ஆரம்பிக்காததும் இட்லியில்தான். இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் தட்டில் தெரிகிற கோளாறு முந்தின நாள் மதியமே தொடங்கியிருக்கும்.

### மாவு பொங்கவே இல்லை

நேரம் போதவில்லை. சித்திரை வெயிலில் ஆறு மணி நேரத்தில் பொங்கி வழிகிற அதே மாவு, மார்கழியில் பன்னிரண்டு மணி நேரம் கேட்கும். காலை ஏழு மணிக்கு இட்லி வேண்டும் என்றால் மார்கழியில் முந்தின நாள் சாயங்காலம் ஆறு, ஆறரை மணிக்குள் அரைத்து முடித்திருக்க வேண்டும். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கிரைண்டரைப் போட்டால் காலையில் மாவு அப்படியே இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

குளிர்ச்சி. பாத்திரத்தைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தால், கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றிய அகலப் பாத்திரத்துக்குள் அதை இறக்கி மூடிவையுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் அசைவு தெரியும். ஓவன் இருந்தால் உள்ளே விளக்கை மட்டும் போட்டு வைக்கலாம், ஓவனை ஓடவிடக் கூடாது. சுடவைத்தாலும் மாவு கெடும்.

கையால் கரைக்கவில்லை. அரிசி மாவும் உளுந்து மாவும் தனித்தனியாக அடுக்கடுக்காக நின்றால் மேலே நுரை தெரியும், அடியில் ஒன்றும் நடந்திருக்காது. கரண்டியை விட்டு அடியிலிருந்து எடுத்துப் பாருங்கள். அடிமாவு வேறு நிறத்தில், தண்ணீராக இருந்தால் இதுதான் காரணம். கையால் அடித்துக் கரைத்து இன்னும் மூன்று மணி நேரம் விடுங்கள்.

உளுந்து சரியாக அரைபடவில்லை. இதற்கு ஒரு சோதனை உண்டு. அரைத்து எடுக்கும்போதே உளுந்து மாவில் ஒரு சுண்டைக்காய் அளவு உருட்டி, ஒரு டம்ளர் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் காற்று ஏறியிருக்கிறது, எடுத்துவிடலாம். முங்கினால் இன்னும் ஓடவிடுங்கள். கிரைண்டரில் அரை மணி நேரம், இடையிடையே தண்ணீர் தெளித்துத் தெளித்து அரைக்க வேண்டும், ஒரேயடியாக ஊற்றக் கூடாது. மிக்ஸியில் அரைப்பவர்கள் ஐஸ் தண்ணீர் சேருங்கள். ஜார் சூடேறினால் மாவும் சூடேறி, பொங்குவது போய்விடும்.

தண்ணீர். குழாய்த் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் வாசனை தூக்கலாக இருக்கும் நாளில், காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் ஊறவைத்து அதிலேயே அரைத்துப் பாருங்கள்.

உளுந்து பழசு. மேலே சொன்ன எல்லாம் சரியாக இருந்தும் மாவு காணவில்லை என்றால் உளுந்தை மாற்ற வேண்டியதுதான். நல்ல உளுந்து அரைக்க அரைக்கக் கல்லுக்கு மேல் ஏறும். பழைய உளுந்து எத்தனை நேரம் ஓடினாலும் அடியிலேயே வழவழவென்று கிடக்கும். மொத்தமாக வாங்காமல் அரைக் கிலோ வாங்கி அரைத்துப் பார்த்துவிட்டு, அந்தக் கடையிலேயே தொடருங்கள்.

பொங்காத மாவை இட்லியாக ஊற்றாதீர்கள். அன்றைக்கு மெல்லிசாகத் தோசை இழுத்துவிடலாம், அல்லது உப்புமா கிண்டிவிட்டு மாவை மாலை வரை விட்டுவிடலாம்.

### பொங்கியது, ஆனால் இட்லி கல்லாக இருக்கிறது

பொங்கிய மாவை ஊற்றுவதற்கு முன் ஓங்கிக் கலக்கியதுதான் பெரும்பாலும் காரணம். உள்ளே இருந்த காற்று அத்தனையும் போய்விடும். எங்கள் வீட்டில் இது இருவர் சமையலின் கோளாறு: ஒருவர் உப்புப் போட்டுக் கரைத்து வைத்திருப்பார், மற்றவர் வந்து 'நல்லா கலக்கலையே' என்று இன்னொரு தரம் கலக்குவார். உப்பை அரைத்த அன்றே போட்டுவிட்டால் காலையில் கரண்டியை உள்ளே விட வேண்டிய வேலையே இல்லை. மேலாக அள்ளி ஊற்றினால் போதும்.

அடுத்து அளவு. கிரைண்டரில் நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு முழு உளுந்து, மிக்ஸியில் மூன்றுக்கு ஒன்று. உளுந்து அதிகமாகக் காணாது என்று தெரிந்தால் நான்குக்கு ஒன்றேகால் போடலாம். சாப்பாட்டு அரிசியைக் கலந்திருந்தால் அதையும் சந்தேகப்படுங்கள்.

அப்புறம் ஆவி. தண்ணீர் கொதித்து ஆவி வந்த பிறகுதான் தட்டை உள்ளே வைக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு நிமிடம் போதும். இருபது நிமிடம் விட்டால் மேல்பக்கம் காய்ந்து கெட்டியாகும்.

### இட்லி ஒட்டுகிறது, நடுவில் ஈரம்

சூட்டோடு எடுத்தால் எந்த இட்லியும் ஒட்டத்தான் செய்யும். தட்டை வெளியே எடுத்து மூன்று நான்கு நிமிடம் விட்டு, ஸ்பூனைத் தண்ணீரில் நனைத்து எடுங்கள். வெந்துவிட்டதா என்று பார்க்க விரலை நனைத்து இட்லி நடுவில் தொடுங்கள். பசை ஒட்டாமல் வந்தால் வெந்தது. துணி போட்டு ஊற்றுபவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. மூடியிலிருந்து சொட்டும் நீரும் இட்லியின் மேல் குழி விழவைக்கும். மூடிக்கு உள்பக்கம் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிப் பாருங்கள்.

### மாவில் இளஞ்சிவப்போ கறுப்போ புள்ளி

இதில் சோதனை எதுவும் இல்லை. அந்தப் பகுதியை மட்டும் அள்ளிப் போட்டுவிட்டு மீதியைப் பயன்படுத்தலாம் என்று நினைக்காதீர்கள். மொத்தமாகக் கொட்டிவிட்டு, பாத்திரத்தைக் கொதிநீரால் கழுவி வெயிலில் காயவையுங்கள்.

### கிரைண்டர் முரண்டு பிடிக்கிறது

கல் மெதுவாகச் சுற்றினால் முதலில் மாவில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். கெட்டி மாவில் கல் நின்றுவிடும். தண்ணீர் தெளித்தும் திணறினால் பெல்ட் தளர்ந்திருக்கும். உறுமல் சத்தம் மட்டும் வந்து கல் அசையவே இல்லையென்றால் உடனே அணைத்துவிடுங்கள், அப்படியே விட்டால் மோட்டார் கருகும். அது கடைக்குப் போக வேண்டிய வேலை. தொட்டால் கையில் சுரீரென்று லேசாக ஷாக் அடிக்கிறது என்றால், எத்தனை லேசாக இருந்தாலும், பிளக்கைப் பிடுங்கி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஈரக் கையோடு வேலை செய்கிற இயந்திரம் அது. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்பது இதில் கூடவே கூடாது.

மிக்ஸி நடுவில் நின்றால் பயப்பட வேண்டாம். பிளக்கைப் பிடுங்கி, கவிழ்த்துப் பார்த்தால் பெரும்பாலான மிக்ஸிகளில் அடியில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். பாரம் தாங்காமல் அது வெளியே தள்ளியிருக்கும். பத்து நிமிடம் ஆறவிட்டு, ஜாரில் பாதியை எடுத்துவிட்டு அழுத்துங்கள். அடிக்கடி இப்படி நின்றால் ஜாரின் அடியிலுள்ள பிளேடு கையால் சுற்றினால் சுலபமாகச் சுற்றுகிறதா என்று பாருங்கள். இறுகியிருந்தால் புஷ் மாற்ற வேண்டும், மோட்டார் நன்றாகத்தான் இருக்கும்.

## மதியம்: குக்கரும் பருப்பும்

### விசிலே வரவில்லை

ஆவி எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். வழி அதிலிருந்தே பிரிகிறது.

*மூடி ஓரத்தில் புஸ்ஸென்று போகிறது:* கேஸ்கெட். கழற்றி, பள்ளத்தில் ஒட்டியிருக்கும் பருக்கையைத் துடைத்து, திருப்பிப் போட்டு மூடுங்கள். ஒரு பருப்புத் தோல் மாட்டியிருந்தாலே போதும், ஆவி கசிந்துவிடும். அப்படியும் கசிந்தால் கேஸ்கெட்டைக் கொஞ்ச நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்துப் போடுங்கள். அந்த வேளைச் சமையல் முடியும். விரலால் மடித்தால் வெடிப்பு தெரிகிற கேஸ்கெட்டுக்கு இதெல்லாம் உதவாது. கம்பெனி பெயரும் லிட்டர் அளவும் சொல்லிப் புதிது வாங்குங்கள். 'எல்லாத்துக்கும் பொருந்தும்' என்று தருவதை வாங்காதீர்கள்.

*எங்கேயும் ஆவி வரவில்லை:* உள்ளே தண்ணீர் போதவில்லை, அல்லது விசில் உட்காரும் ஆவிக் குழாய் அடைத்திருக்கிறது. அடுப்பை அணைத்து, முழுதும் ஆறவிட்டுத் திறங்கள்.

*சேஃப்டி வால்வ் பக்கம் கசிகிறது:* அதை மாற்ற வேண்டும். பசை தடவி அடைப்பதோ, அரிசிமாவை அப்புவதோ கூடாது.

*ஓரம் மட்டும் ஒரு பக்கமாகக் கசிகிறது, கேஸ்கெட் புதிது:* குக்கர் கீழே விழுந்திருக்கும். மூடியைக் கவிழ்த்துச் சமமான தரையில் வைத்துப் பாருங்கள். ஆடினால் விளிம்பு நெளிந்திருக்கிறது. வீட்டில் தட்டி நிமிர்த்தாதீர்கள். கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். அவர்களே மாற்றச் சொன்னால் மாற்றிவிடுங்கள்.

### விசிலோடு தண்ணீரும் சேர்ந்து பீறிடுகிறது

பருப்பென்றால் குக்கரில் பாதிக்கு மேல் போகக் கூடாது, அரிசிக்கு மூன்றில் இரண்டு பங்கு. அதற்கு மேல் போனால் நுரை ஆவிக் குழாயில் ஏறும். பருப்போடு கால் ஸ்பூன் எண்ணெய் விட்டால் நுரை அடங்கும். ஆவி வந்ததும் தீயைக் குறைத்துவிடுங்கள். பீறிட்ட குக்கரைக் கழுவும்போது ஆவிக் குழாயை ஒவ்வொரு முறையும் வெளிச்சத்துக்குக் காட்டிப் பாருங்கள். அதில் ஒரு பருப்பு சிக்கி, அடுத்த முறை கவனிக்காமல் அடுப்பில் ஏற்றுவதுதான் உண்மையான ஆபத்து.

### சேஃப்டி வால்வ் போய்விட்டது

டப்பென்ற சத்தத்தோடு சாம்பார் கூரைக்குப் போயிருக்கும். பதறாதீர்கள், வால்வ் தன் வேலையைச் செய்திருக்கிறது. அடுப்பை அணையுங்கள். குக்கர் ஆறும்வரை யாரும் கிட்டே போக வேண்டாம். அப்புறம் ஆவிக் குழாயைப் பாருங்கள், அங்கேதான் அடைப்பு இருக்கும். அடைப்பை எடுக்காமல் வால்வை மட்டும் மாற்றினால் புது வால்வும் போகும். அடைப்பும் இல்லை, தண்ணீரும் இருந்தது, ஆனாலும் வால்வ் போனது என்றால் அந்தக் குக்கரை மறுபடி ஏற்றாமல் சர்வீஸ் சென்டருக்கு அனுப்புங்கள்.

### எத்தனை விசில் விட்டாலும் துவரம்பருப்பு குழையவில்லை

போர் தண்ணீர் வீடுகளில் இது ஓயாத பிரச்சினை. பருப்பைக் குறை சொல்வதற்கு முன் இரண்டு கேள்வி: அரை மணி நேரம் ஊறியதா? வேகும் முன்பே உப்போ புளியோ தக்காளியோ விழுந்ததா? புளிப்பு விழுந்த பருப்பு குழையாது. அதை முதலில் நிறுத்திப் பாருங்கள்.

அதிலும் சரியாகவில்லை என்றால் இந்தச் சோதனை. இரண்டு சின்ன எவர்சில்வர் கிண்ணம் எடுங்கள். இரண்டிலும் ஒரே டப்பாவிலிருந்து ஒரு பிடி பருப்பு. ஒன்றில் போர் தண்ணீர், மற்றதில் கேன் தண்ணீர். ஒரே குக்கரில் இரண்டையும் வைத்து நான்கு விசில். திறந்ததும் கரண்டியின் பின்பக்கத்தால் இரண்டையும் மசியுங்கள். கேன் தண்ணீர்க் கிண்ணம் மட்டும் வெண்ணெயாக மசிந்தால் குற்றம் தண்ணீருடையது. இரண்டிலும் பருப்பு முழுசு முழுசாக நின்றால் பருப்பு பழசு. இரண்டுமே மசிந்தால், வழக்கமாக நீங்கள் விடும் விசில் போதவில்லை, அவ்வளவுதான். நாங்கள் இதைச் செய்து பார்த்த அன்று எங்கள் வீட்டுப் போர் தண்ணீர்க் கிண்ணத்தில் பருப்பு மணி மணியாக அப்படியே நின்றது. அன்றிலிருந்து பருப்புக்கும் கொண்டைக்கடலைக்கும் கேன் தண்ணீர்தான். சாம்பார் அதற்குப் பிறகு ஒரு வாரமும் பிரிந்து நிற்கவில்லை.

பழைய பருப்பை எறிய மனமில்லையென்றால் ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்த்து வேகவையுங்கள். சிட்டிகைதான், கூடினால் சோப்பு வாடை வரும். தண்ணீரே காரணம், கெய்சரிலும் குழாயிலும்கூட வெள்ளையாகப் படிகிறது என்றால் பரிசோதிப்பது நல்லது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டங்களில் நீர்ப் பரிசோதனைக் கூடங்கள் இருக்கின்றன. கட்டணம் கட்டிக் கடினத்தன்மை பார்த்துக்கொள்ளலாம். அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு அப்புறம் சாஃப்ட்னர் (தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் கருவி) விற்பவரிடம் பேசுங்கள். இல்லாவிட்டால் அவர் சொல்வதுதான் விலை.

### உப்பு கூடிவிட்டது

இருவர் சமைக்கிற வீட்டில் உப்பு கூடுவதற்கு முதல் காரணம் இருவரும் போட்டதுதான். 'உப்பு போட்டாச்சாங்க?' என்று கேட்பேன். குக்கர் சத்தத்தில் அது அவருக்கு 'உப்பு போடுங்க' என்று கேட்கும். கேள்வியை நம்பாமல் ஓர் அடையாளம் வையுங்கள். எங்கள் வீட்டில் உப்புப் போட்டவர் உப்பு மரவைக் கரண்டியை அந்தப் பாத்திரத்தின் மூடி மேல் வைத்துவிட வேண்டும். கரண்டி மூடி மேல் இருந்தால் யாரும் தொடுவதில்லை. விசில் எண்ணிக்கையையும் ஒருவர் மட்டும் எண்ண வேண்டும். குக்கரை ஏற்றியவரே எண்ணட்டும், இறக்கட்டும்.

விழுந்த உப்பை எடுப்பது எப்படி? சாம்பார் என்றால் உப்பில்லாமல் வெந்த பருப்பும் தண்ணீரும் சேர்த்துக் கொதிக்கவிடுங்கள். காரக் குழம்பென்றால் தேங்காய் அரைத்து விடலாம். பொரியலில் கூடினால் இன்னொரு கைப்பிடி காயை வதக்கிக் கலக்க வேண்டியதுதான். உருளைக்கிழங்கு போட்டால் உப்பை இழுத்துக்கொள்ளும் என்று சொல்வார்கள். கிழங்கு குழம்பைத்தான் உறிஞ்சும், மிச்சக் குழம்பின் கரிப்பு அப்படியேதான் இருக்கும். எலுமிச்சை பிழிந்தால் நாக்குக்குக் கொஞ்சம் மட்டுப்படும், உப்பு குறையாது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் சாப்பிடும் வீட்டில் அதை நம்பாதீர்கள்.

### வெல்லம் போட்டதும் பாயசம் திரிந்தது

பாலைக் கடைசியில் சேருங்கள். வெல்லத்தைத் தனியாகக் கரைத்து, கொதிக்கவைத்து, வடிகட்டி, ஜவ்வரிசியிலோ பருப்பிலோ சேர்த்து இறக்கிவிடுங்கள். கை பொறுக்கும் சூடு வந்ததும் காய்ச்சி ஆறிய பாலை ஊற்றுங்கள். தேங்காய்ப் பால் என்றால் ஊற்றிய பிறகு கொதிக்கவே விடக் கூடாது. திரிந்த பாயசத்தை நேராக்க முடியாது. ருசி கெட்டிருக்காது, வீட்டார் சாப்பிடலாம். விருந்தாளி வருகிற அன்று மட்டும் வேறு இனிப்பு பாருங்கள்.

## மாலை: உளுந்து வடை

### வடை எண்ணெய் குடிக்கிறது

எண்ணெயில் ஒரு பொட்டு மாவைப் போடுங்கள். போட்டதும் மேலே எழும்பினால் சூடு சரி. அடியிலேயே கிடந்தால் காயவில்லை, எழும்பிய கையோடு கறுத்தால் சூடு அதிகம். ஒரே சமயத்தில் வாணலி நிறையப் போட்டாலும் எண்ணெய் ஆறிவிடும். சூடு சரியாக இருந்தும் குடித்தால் மாவில் தண்ணீர் கூடிவிட்டது. இரண்டு ஸ்பூன் அரிசிமாவு கலந்து, கால் மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துத் தட்டுங்கள். கையில் வட்டமே நிற்காத அளவுக்குத் தளர்ந்துவிட்டால் வடையை விட்டுவிட்டுப் போண்டாவாகக் கிள்ளிப் போடுங்கள். அது நன்றாகவே வரும்.

### வெளியே சிவந்து உள்ளே மாவாக இருக்கிறது

தீயை நடுத்தரமாக வையுங்கள், நடுவில் ஓட்டையைப் பெரிதாகப் போடுங்கள். இந்த இரண்டைத் தாண்டி வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

### எண்ணெய் பொங்குகிறது

அடுப்பை அணையுங்கள், அதுதான் முதல் வேலை. எண்ணெயில் தண்ணீரோ ஈர மாவோ அதிகம் இறங்கியிருக்கிறது. வாணலியில் பாதிக்கு மேல் எண்ணெய் ஊற்றாமலிருந்தால் வழியாது. எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து, வாணலியை நகர்த்தாமல் ஒரு பெரிய தட்டால் மூடிவிடுங்கள். அடங்கவில்லை என்றால் எல்லோரும் வெளியே வந்து 101ஐயோ 112ஐயோ அழையுங்கள்.

## இரவு: தோசை

### கல்லில் ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்கிறது

கல்லின் சூட்டை முதலில் பாருங்கள். தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று சத்தம் வந்து உடனே வற்ற வேண்டும். சத்தமே இல்லையென்றால் காயவில்லை. நீர்த்துளி முத்து முத்தாக உருண்டு ஓடினால் அளவுக்கு மீறிக் காய்ந்திருக்கிறது. அப்போது மாவை ஊற்றினால் கரண்டியோடு சுருட்டிக்கொண்டு வரும். தீயைக் குறைத்து, தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு ஊற்றுங்கள்.

சூடு சரியென்றால், கடைசியாக அந்தக் கல்லில் என்ன செய்தீர்கள்? சப்பாத்தி சுட்டிருந்தால் எண்ணெய்ப் பூச்சு காய்ந்து போயிருக்கும். சோப்புப் போட்டுத் தேய்த்திருந்தாலும் அப்படித்தான். பாதி வெங்காயத்தை முள்கரண்டியில் குத்தி, நல்லெண்ணெயில் தோய்த்து, சூடான கல்லில் வட்டவட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருங்கள். வெங்காயம் பழுப்பாகி வாசனை வரும்வரை விடாமல் தேய்த்தால் பெரும்பாலும் இரண்டாவது தோசையிலிருந்து எழும்பிவிடும். தோசைக்கும் சப்பாத்திக்கும் தனித்தனிக் கல் வைத்த பிறகு எங்கள் வீட்டில் இந்தச் சண்டை ஓய்ந்தது.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு மாவை ஊற்றினாலும் ஒட்டும். கால் மணி நேரம் வெளியே இருக்கட்டும். இரும்புக் கல்லில் துரு பிடித்திருந்தால் மணலோ செங்கல் பொடியோ போட்டுத் தேய்த்துக் கழுவி, எண்ணெய் தடவி ஓர் இரவு விட்டுப் பழக்க வேண்டும். நான்ஸ்டிக் கல்லில் பூச்சு உரிந்திருந்தால் பழக்க முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

## எல்லாமே ஒரே நாளில் சொதப்புகிறது

இட்லி வேக நேரமாகிறது, குக்கர் தாமதம், எண்ணெய் காயவில்லை. இப்படி வரிசையாக நடந்தால் அடுப்பைப் பாருங்கள்.

### தீ மஞ்சளாக எரிகிறது, பாத்திர அடி கரிப்பிடிக்கிறது

ஒரு பர்னரில் மட்டும் என்றால் பால் பொங்கி துளை அடைத்திருக்கும். அடுப்பு ஆறியதும் பர்னர் மூடியை எடுத்து, புளி கரைத்த வெந்நீரில் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, குண்டூசியால் துளைகளைக் குத்தி, முழுதும் காயவைத்துப் பொருத்துங்கள். ஈரத்தோடு வைத்தால் மறுபடி மஞ்சளாகத்தான் எரியும். சுத்தம் செய்தும் தீ நீலமாகவில்லை என்றால் உள்ளே ஜெட் (பர்னருக்குக் கேஸ் விடும் சின்னத் துளை) அடைத்திருக்கிறது. அதையும், திருகக் கடினமாக இருக்கும் நாபையும் நீங்கள் பிரிக்க வேண்டாம். மெக்கானிக் வேலை.

இரண்டு பர்னரிலும் தீ சுருங்கினால் சிலிண்டர் தீரப்போகிறதா என்று பாருங்கள். புது சிலிண்டரிலும் அப்படியே இருந்தால் ரெகுலேட்டர் அல்லது டியூப். டியூப் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். அதன்மேலே அச்சிட்டிருக்கும் தேதியையும் பாருங்கள். ஐந்து ஆண்டு தாண்டிய சுரக்ஷா டியூபை (கேஸ் ஏஜென்சியில் தருகிற ரப்பர் டியூப்) நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். ரெகுலேட்டரைக் கேஸ் ஏஜென்சியில்தான் மாற்ற வேண்டும். சிலிண்டர் வாங்கும்போது கைப்பிடி வளையத்தின் உள்பக்கம் ஏ, பி, சி, டி என்று ஆங்கில எழுத்தும் ஆண்டும் எழுதியிருக்கும். சிலிண்டரை அடுத்துச் சோதிக்க வேண்டிய கெடு அது: ஏ என்றால் மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர் வரை. அந்தக் காலாண்டு தாண்டியிருந்தால் வாங்காமல் திருப்பி அனுப்புங்கள்.

### கேஸ் வாசனை வருகிறது

இங்கே காரணம் தேட உட்காராதீர்கள். அடுப்பு நாப் இரண்டையும் மூடி, ரெகுலேட்டரை அணைத்துக் கழற்றி, சிலிண்டர் வாயில் மூடியைப் போடுங்கள். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிடுங்கள். இந்தக் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோரம் தங்கும், அதனால் வாசல் கதவைத் திறப்பது முக்கியம். எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், எக்ஸாஸ்ட் ஃபேனும் சேர்த்துத்தான். ஒருவர் இதைச் செய்யும்போது மற்றவர் குழந்தைகளையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு வெளியே போய்விட வேண்டும். வெளியே போன பிறகுதான் கைபேசி. கேஸ் கசிவுக்கான உதவி எண் 1906, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள்.

ஆள் வந்ததும் மூன்று விஷயம் சொல்லுங்கள்: ஒரு பர்னரா இரண்டுமா, வாசனை அடுப்பு எரியும்போது வந்ததா அணைந்திருந்தபோதா, டியூப் எந்த வருடத்தது. வேலை முடிந்ததும் ரெகுலேட்டர், டியூப் பொருந்தும் இடங்கள் எல்லாவற்றிலும் உங்கள் கண்முன் சோப்புத் தண்ணீர் தடவிக் காட்டச் சொல்லுங்கள். எங்கேயும் குமிழி வரவில்லை என்று இருவரும் பார்த்த பிறகு பணத்தைக் கொடுத்து அனுப்புங்கள்.